பேர் வெட்டிய கேரியர்

ஒரே சம்பளத்தில் தாராளமாகக் குடும்பம் நடத்திவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே பாத்திரத்துக்குள் போட்டேன். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் போட்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. அவர் தம்பிக்கு அப்போதுதான் திருச்சியில் ஒரு கல்லூரியில் டெம்பரரி டியூட்டர் வேலை கிடைத்திருந்தது. புதுக் கல்யாணம். தம்பியின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அவளுக்குப் பொன்மலையில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேரலாமா வேண்டாமா என்று அண்ணனைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கேட்டதெல்லாம் கொழுந்தனார்தான். அவள் வாயே திறக்கவில்லை. ஆர்டர் இருந்த கைப்பையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம்டா," என்றார் இவர். "பொம்பளை சம்பாதிச்சுத்தான் நம்ம வீட்ல அடுப்பு எரியணுமா? நாங்க என்ன, ரெண்டு சம்பளமா வாங்கினோம்? இதே டியூட்டர் சம்பளத்துலதான் ரெண்டு பிள்ளைங்களை வளத்தோம். உங்க அண்ணி சும்மா வீட்லதான் இருந்தா. விரலுக்குத் தகுந்த வீக்கம்னு இருந்துட்டா எல்லாம் போதும்."

சும்மா வீட்டில் இருந்தேனாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விரல், வீக்கம் எல்லாம் அவருடைய சொந்தச் சரக்குகூட இல்லை. அது யார் சொன்ன வாக்கியம், எப்போது சொன்னது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எத்தனையோ வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பெண் பையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். இனிமேல் மூடக் கூடாது என்று முடிவு செய்தேன். அவர்களுக்கு முன்னால் அன்று நான் போட்டு உடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜீயபுரம் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு வாழை விவசாயம். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. அவருக்கு எம்.ஏ. படித்த மாப்பிள்ளை கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. பெரிய கடை வீதியில் சீர்ப் பாத்திரம் வாங்கினார். பாத்திரத்துக்குப் பேர் வெட்டும்போது எல்லோரும் போடுகிற மாதிரி பெண்ணின் பேரையோ தன் பேரையோ போடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பேரை வெட்டு, அதற்குப் பின்னால் எம்.ஏ. என்று வெட்டு என்றார். அண்டாவில் எம்.ஏ. குத்துவிளக்கில் எம்.ஏ. தேங்காய்த் துருவியின் இரும்பில் வெட்ட இடமில்லை என்று கடைக்காரர் சொன்னபோது அப்பா அவரோடு சண்டைக்கே போய்விட்டார். எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கழுநீர்ப் பானைக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டார் உங்கப்பா என்று என்னைக் கேலி செய்தார்கள்.

பாத்திரம் நிறைய எம்.ஏ. இருந்தது. அந்த எம்.ஏ.வுக்குக் கிடைத்த வேலையோ டெம்பரரி டியூட்டர். ஜூலையில் எடுப்பார்கள். மார்ச் கடைசியில் ரிலீவ் செய்துவிடுவார்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கொடுக்காமல் தப்பிக்கத்தான் அந்த ஏற்பாடு. கல்லூரிக்கு லீவு விட்டுவிடலாம். வயிற்றுக்கு யார் லீவு விடுவது? மறுபடி ஜூலையில் கூப்பிடுவார்களா என்பதும் நிச்சயமில்லை. பர்மனெண்ட் ஆக வேண்டுமென்றால் புரொபசர் மனம் வைக்க வேண்டும். அவர்தான் டிபார்ட்மெண்டுக்குத் தலைவர். அவர் இருமினால் இவருக்கு ஜுரம் வரும்.

அந்தச் சம்பளத்திலும் முதல் பங்கு கோட்டுக்கு. கோட்டுப் போடாமல் வகுப்புக்குப் போகக் கூடாது. கோட்டை வண்ணான் வெளுத்தால் போதாது, தனியாகச் சலவைக் கடைக்குப் போட வேண்டும். குழந்தைக்குப் பால் ஒரு வேளையாகக் குறைந்த மாதத்திலும் அவர் கோட்டின் மடிப்பு கலையவில்லை.

இரண்டாவது பங்கு வாடகைக்கு. ஸ்ரீரங்கத்தின் வெளி வீதி ஒன்றில், ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையும் எங்களுக்கு. அதற்கே வீட்டுக்காரம்மா மாதா மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "காலேஜ் பசங்களுக்கு விட்டா தலைக்கு ஒரு வாடகை வருது. குடும்பத்துக்கு விட்டு எனக்கு என்ன லாபம்?" என்று என் காதுபடவே சொல்வாள். கல்லூரி இருக்கிற ஊரில் படிக்கிற பையன்களுக்கு இருந்த மதிப்பு பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் குடும்பத்துக்கு இல்லை.

மார்கழி வந்தால் இன்னொரு கூத்து. சொர்க்கவாசல் பார்க்க என் பக்கத்திலும் அவர் பக்கத்திலும் சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்துக்கொண்டு வராதே என்று சொல்ல முடியுமா? காலேஜ் வாத்தியார் வீடு என்று வேறு நினைப்பு அவர்களுக்கு. அவர்கள் மோட்சத்துக்கு வழி பார்த்துவிட்டுப் போவார்கள். நான் தை மாதம் முழுக்கக் கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்றுவழியில் நடப்பேன்.

இந்த லட்சணத்தில் இரண்டாவது குழந்தையும் பிறந்தது. அந்தக் கோடையில் என் தோட்டை விற்றுத்தான் சாப்பிட்டோம். அடுத்த கோடைக்கு என்ன வழி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்து வீதியில் ரூம் எடுத்துத் தங்கிக் கல்லூரியில் படிக்கிறவர்கள். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுச் சாப்பாடு ஆக்கி மத்தியானத்துக்குக் கேரியரில் கொடுத்தனுப்ப முடியுமா, மாதப் பணம் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதை எடுப்புச் சாப்பாடு என்போம். யோசிக்கவே இல்லை. சரி என்றேன்.

இவருக்கு அன்றைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "நான் காலேஜ்ல பாடம் நடத்துறவன். என் பொண்டாட்டி சோறு விக்கிறாளா? வெளியில தெரிஞ்சா நான் தூக்குல தொங்கணும்," என்றார்.

"தொங்குறதுக்கு முன்னால சித்திரை, வைகாசிக்கு அரிசி வாங்கிப் போட்டுட்டுத் தொங்குங்க," என்றேன் நான்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், யாருக்கும் தெரியக் கூடாது, கேரியர் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும், அவர் பேர் எங்கேயும் அடிபடக் கூடாது என்று நிபந்தனை போட்டார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. சரி, மீசையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கூழை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுப்பை மூட்டினேன்.

இரண்டு பையன்கள் ஐந்தாறானார்கள். அப்புறம் ஊரை விட்டு வந்து தனியாகத் தங்கியிருந்த குமாஸ்தாக்கள் சேர்ந்தார்கள். அவர்கள் கோடையிலும் சாப்பிடுவார்கள். அப்பா ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வாழைத்தண்டு, வாழைப்பூ, காய் எல்லாம் போட்டுவிடுவார். மகள் வீட்டில் இத்தனை வாழைக்காயை யார் சாப்பிடுகிறார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. விடிவதற்குள் எழுந்து, அடுப்பில் மரத்தூளை இடித்து நிரப்பி, ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு சமைப்பேன். பத்து மணிக்கு எடுப்புக்கார அக்கா கொல்லைப்பக்கம் வருவாள். கேரியர்களைக் கூடையில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். கூடைக்கும் டிக்கெட் கேட்கிற கண்டக்டரோடு காவேரிப் பாலம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு போய், கல்லூரியிலும் ஆபீசுகளிலும் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் காலிக் கேரியர்களோடு வருவாள். இதைத்தான் சும்மா வீட்டில் இருந்தது என்கிறார் என் வீட்டுக்காரர்.

ஒரு தை மாதம் அந்த அக்கா, "தங்கச்சி, இன்னொரு கேரியர் சேத்துக்க. காலேஜ்ல யாரோ பெரிய சாராம். வீட்டம்மா மெட்ராஸுல மக பிரசவத்துக்குப் போயிட்டாங்களாம். பியூன் வந்து கேட்டான்," என்றாள். யார் என்ன என்று நான் விசாரிக்கவில்லை. கேரியர் வந்தது, சோறு போனது.

அதிலிருந்து ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். இவர் கல்லூரியிலிருந்து வந்து, "எங்க புரொபசருக்கு எங்கேயோ நல்ல சாப்பாடு அமைஞ்சிருக்கு. மூடியைத் திறந்தா டிபார்ட்மெண்டே மணக்குது. இன்னைக்கு வாழைத்தண்டுக் கூட்டைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாரு. நீயும் ஒரு நாள் அந்த மாதிரி பண்ணிப் பாரேன்," என்றார். அன்றைக்கு இவர் டிபன் பாக்ஸில் நான் வைத்து அனுப்பியதும் வாழைத்தண்டுக் கூட்டுதான். அதைத் தின்றுவிட்டு வந்துதான் சொல்கிறார். எனக்கும் அப்போது விளங்கவில்லை. எந்த மகராசியோ நம்மைவிட நன்றாகச் சமைக்கிறாள் என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அந்த வருஷம் டிபார்ட்மெண்டில் ஓர் இடம் பர்மனெண்ட் ஆக இருந்தது. இவருக்குத்தான் என்று பேச்சு. புரொபசரே கூப்பிட்டு, "உங்க பேரைத்தான் எழுதப் போறேன்," என்று சொல்லியிருந்தார். அது கிடைத்தால் கோடைச் சம்பளம் உண்டு. ஜூலைப் பயம் கிடையாது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பெரியவளுக்கு அம்மை போட்டிருந்தது. சின்னவன் ஒரே அழுகை. அன்று பார்த்து அந்தப் பெரிய சாரின் கேரியர் திரும்பி வரவில்லை. முதல் நாள் பியூன் அதை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டானாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அக்கா கொல்லையிலிருந்து கத்துகிறாள். பரணில் இருந்த என் சீர்க் கேரியரை எடுத்தேன். கழுவினேன். சோற்றை வைத்து, மூடி, கொடுத்தனுப்பினேன். அதில் வெட்டியிருந்த பேர் என் கண்ணில் படவே இல்லை. தினம் தினம் அந்தப் பேரைத் தேய்த்துக் கழுவுகிறவளுக்கு அது எங்கே கண்ணில் படப்போகிறது?

சாயங்காலம் இவர் கையில் அந்தக் கேரியரோடு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கேரியரை என் முன்னால் வைத்தார்.

"என் வேலையைத் தின்னுட்டியே," என்றார்.

நடந்தது இதுதான். புரொபசர் சாப்பிட்டு முடித்த பிறகு பியூன் கேரியரைக் கழுவியிருக்கிறான். பாவம், சூது வாது தெரியாதவன். "சார், இது நம்ம டியூட்டர் சார் பேர் மாதிரி இருக்கே. எம்.ஏ.ன்னுகூடப் போட்டிருக்கு," என்று கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். புரொபசர் இவரைக் கூப்பிட்டனுப்பினார். நிற்க வைத்துக் கேட்டார். இவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

"காலேஜ் ஆசிரியர் வீட்ல எடுப்புச் சோறா? பசங்களுக்குத் தெரிஞ்சா உங்களை மதிப்பாங்களா? ஒரு சம்பளத்துல ஒரு சின்னக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவர் ஒரு வகுப்பை எப்படிங்க நடத்துவீங்க? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்," என்றாராம். "பர்மனெண்ட் விஷயத்தை நான் யோசிக்கணும்," என்றும் சொல்லிவிட்டாராம்.

இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் கேரியரைத் திறந்து பார்த்தேன். நான்கு அடுக்கும் காலி. ஒரு பருக்கை மிச்சமில்லை.

"சாப்பிட்டுட்டுத்தான் திட்டினாரா?" என்று கேட்டேன்.

"இப்ப அதுவா முக்கியம்?" என்றார் இவர்.

அதுதான் எனக்கு முக்கியம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என் கையால் ஆக்கினதை அத்தனை நாளும் சப்புக்கொட்டித் தின்ன வாய்க்கு அது கௌரவக் குறைவாகப் படவில்லை. ஆக்கினது யார் என்று தெரிந்ததும் கௌரவம் முளைத்துவிட்டது. அந்த மனுஷனுக்குச் சொந்த வீடு தில்லை நகரில் எழும்பிக்கொண்டிருந்தது. அவருக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம். எங்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கிறார்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள்.

"தங்கச்சி, அந்தப் பெரிய சாருக்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாமாம். வீட்டம்மா வர இன்னும் ஒரு மாசம் ஆகுமாம். ஆனா பேர் வெட்டாத கேரியர்ல அனுப்பணுமாம். பியூன் வந்து அவரு கேரியரைக் கொடுத்துட்டுப் போனான்."

உள்ளே இருந்து இவருக்கும் கேட்டது. எழுந்து வந்தார். "அனுப்பிடு," என்றார். "அவரு கேரியர்லயே அனுப்பிடு. கேட்டபடி செஞ்சா மனசு மாறினாலும் மாறும்."

நான் அந்த மனுஷனின் கேரியரை வாங்கி மூலையில் கவிழ்த்தேன். சீர்க் கேரியரை எடுத்து, பேர் பளிச்சென்று தெரியும்படி புளி போட்டுத் தேய்த்தேன். அதில் சோற்றை அடைத்தேன். இவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். "இந்தக் கேரியர்லதான் வரும்னு சொல்லுக்கா. பிடிச்சா திங்கட்டும், பிடிக்காட்டி ஓட்டலுக்குப் போகட்டும்," என்றேன்.

சாயங்காலம் கேரியர் வந்தது. காலி.

அவர் மனைவி ஊரிலிருந்து வரும் வரைக்கும் தினமும் அந்தப் பேர் வெட்டிய கேரியர்தான் போனது. தினமும் காலியாகத்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். மார்ச் கடைசியில் இவரை ரிலீவ் செய்தார்கள். பர்மனெண்ட் இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. ஜூலையில் டெம்பரரியாகக்கூடக் கூப்பிடவில்லை.

அடுத்த ஜூலை வரைக்கும், ஒரு வருஷத்துக்கும் மேலே, இவர் வேலையில்லாமல் இருந்தார். முதல் கொஞ்ச நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை தேடுகிறேன் என்று காலையில் கிளம்புவார். பிறகு அதுவும் நின்றது. வாழைத்தண்டை எடுத்து வைத்துக்கொண்டு நார் எடுத்துக் கொடுப்பார். நான் கேட்டதில்லை, அவராகச் செய்தார். அதற்காக அவர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றைக்கும் குறையவில்லை. நான் கேரியர்களின் எண்ணிக்கையைக் கூட்டினேன். வாடகை கொடுத்தேன். பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். கடைக்காரர் முன்னால் நேர்வழியில் நடந்தேன்.

அப்புறம்தான் இதே ஊரில் வேறொரு கல்லூரியில் பர்மனெண்ட் கிடைத்தது. ஆர்டர் வந்த அன்றே, "இனிமே எடுப்பை நிறுத்திடு," என்றார். நிறுத்தினேன். எனக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது. அதோடு அந்தக் காலம் இந்த வீட்டில் நடக்கவே இல்லை என்பது போல ஆகிவிட்டது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லவில்லை. கடைசியில் அவரே மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி வைத்துக்கொண்டார். அப்படி மறந்துவிட்டுத்தான் அன்று அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொன்னார்.

இத்தனையும் நான் நின்றபடியே சொன்னேன். கொழுந்தனார் கை இலையில் அப்படியே இருந்தது. "அண்ணி, எனக்கு இதெல்லாம் தெரியாதே," என்றார்.

"தெரிஞ்சுக்கங்க தம்பி. உங்க அண்ணன் பொய் சொல்லலை. இந்த வீடு ஒரு வருஷத்துக்கு மேலே ஒரே சம்பளத்துலதான் நடந்துச்சு. அது என் சம்பளம். அதுக்கு முன்னாலயும் கோடையெல்லாம் அதுதான் சம்பளம். உங்களையும் மார்ச்சுல ரிலீவ் பண்ணுவாங்க. அப்ப உங்க அண்ணன் சொன்ன சிக்கனத்தை ஆக்கி அவளுக்குப் போடுவீங்களா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் முனகினார்.

"இவ எடுப்புச் சோறு ஆக்கக் கூடாதுன்னுதான். இவளுக்குக் கௌரவமா ஒரு வேலை வந்திருக்கு. கொல்லை வழியா இல்லாம வாசல் வழியா போய்ச் சம்பாதிக்கட்டும்," என்றேன்.

அந்தப் பெண் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அக்கா, இங்கேருந்து பொன்மலைக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

சொன்னேன். ராத்திரி இங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்றும், மத்தியானத்துக்கு நானே கட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன். கொழுந்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் நிமிரவில்லை. விருந்தாளிகளுக்குத்தான் இலை, அவருக்கு எப்போதும் என் சீர்த்தட்டு. குனிந்த தலை நிமிராமல் சோற்றை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு குறையக் குறைய, தட்டின் அடியில் என் அப்பா வெட்டிக் கொடுத்த அவர் பேர் தெரிந்தது, எம்.ஏ.வோடு சேர்த்து.